ஆயா செத்தாத்தான் ஆடுவியா, கண்ணு?

டேய் கண்ணு, உன் கல்யாண ரிசப்ஷனுக்கு டான்ஸ் மாஸ்டர் வெச்சிருக்கியாமே? ஆம்பூர்ல இருந்து வர்றாராம், ஒரு பாட்டுக்கு இவ்ளோன்னு கணக்காம், பொண்ணு வீட்டுக்காரங்களுக்குத் தனியா கிளாஸாம். சந்தோசம்டா. உனக்கு நடக்கறதுக்கு மாஸ்டர் வெச்சோமா? திங்கறதுக்கு வெச்சோமா? அதெல்லாம் தானா வந்துச்சு. கையைத் தூக்கி இறக்கறதுக்கு மட்டும் காசு குடுத்து ஆள் வெக்கணுமாம். நம்ம வம்சத்துல கைகாலுக்குக் கூலி குடுத்து வேலை வாங்கற மொத ஆளு நீதான்.

கோச்சிக்காதே. ஆயா சொல்றதைக் கேட்டுட்டு அப்பால நிதானமா கோச்சிக்கோ.

நீ ஷூ கம்பெனில லைன் சூப்பர்வைசர். பெருமைதான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டைன்னு பாலாத்தங்கரை நெடுக தோல் ஷாப்பும் ஷூ கம்பெனியும்தானே நமக்குச் சோறு போடுது. நீங்க தைக்கற ஷூ ஜெர்மனிக்குப் போவுது, இங்கிலாந்துக்குப் போவுது, இத்தாலிக்குப் போவுது. அதை வாங்கிப் போட்ட வெள்ளைக்காரன் சனிக்கிழமை ராத்திரியானா பொண்டாட்டி கையைப் புடிச்சிகினு ஆடுறான். அதைத் தைச்ச நம்ம பொண்ணு வீட்டுக்கு வந்து முட்டிக்குத் தைலம் தேய்ச்சிகினு படுக்கறா. ஊரு உலகம் ஆடறதுக்கெல்லாம் செருப்பு தைச்சுக் குடுத்துட்டு, நாம நாற்காலியில உக்காந்து கை தட்டறோம். அதுவும் இப்ப தட்டறதில்ல. கையிலதான் போன் இருக்குதே.

போன மாசம் உன் சித்தப்பன் பொண்ணு ரிசப்ஷன் பாத்தேனே. பொகை மெஷின்ல பொகை வந்துச்சு. பொகைக்குள்ள இருந்து பொண்ணும் மாப்பிள்ளையும் வந்தாங்க. நான் அடுப்பங்கரையிலதான் என்னமோ பத்திக்கிச்சுன்னு எழுந்து ஓடினேன். கேரளாவுல இருந்து செண்டை மேளம் வரவழைச்சிருந்தாங்க. நம்ம கீழத்தெரு பம்பைக்காரர், மூணு தலைமுறையா பம்பை அடிக்கறவர், கடைசி வரிசையில உக்காந்து பிரியாணிப் பந்தி எப்பன்னு பாத்துகினு இருந்தாரு. அவரை மேடைக்குக் கூப்புட்டா கல்யாணத்துக்கு மரியாதை கொறைஞ்சிடுமாம். மேடையில ஆடினது நாலு பேரு. கீழ இருந்து படம் புடிச்சது நானூறு பேரு. சொந்தக்காரங்க அத்தினி பேரு ஒரே எடத்துல கூடியும் ஒருத்தர் கை ஒருத்தர் மேல படலை. கூட்டம் இருந்துச்சு, குடும்பம் இல்ல.

சரி, நம்ம குடும்பம் ஆடவே ஆடாதான்னு கேட்டா, ஆடும். நல்லாவே ஆடும். எப்பன்னு சொல்லட்டா? கல்யாணச் சாவுக்கு. பேரன் பேத்தி எடுத்த கெழம் ஒண்ணு கண்ணை மூடிடுச்சுன்னா போதும். தாரை, தப்பட்டை, பம்பை எல்லாம் வந்துடும். நெய்ப்பந்தம் புடிக்கற பொடிசுல இருந்து பேங்க்ல வேலை பாக்கற பெரிய மாப்பிள்ளை வரைக்கும் சட்டையைக் கழட்டி இடுப்புல கட்டிகினு தெருவுல எறங்கிடறீங்க. உங்க தாத்தா போன அன்னிக்கு நீ ஆடின ஆட்டத்துக்கு மாஸ்டர் யாருடா? எத்தினி நாள் பிராக்டீஸ்? பாடைக்கு முன்னாடி வர்ற ஆட்டம் பந்தலுக்குள்ள ஏன் வரலை?

செத்தவருக்கு உன் ஆட்டம் தெரியுமா? தெரியாது. இருக்கறவ நான் ஆசையா உக்காந்திருக்கேன், எனக்கு ஆடிக் காட்ட மாட்டேங்கறே. என் சாவுக்கு நீ நல்லா ஆடுவேன்னு எனக்கு நம்பிக்கை இருக்குது. அதைப் பாக்க எனக்கு வசதிப்படாதேன்னுதான் இப்பவே கேக்கறேன்.

இன்னா சிரிக்கறே? எங்க காலத்து சங்கதியைக் கேளு.

மார்கழி பொறந்தா வாசக் கோலத்துல சாணி உருண்டை வெச்சு அது மேல பூசணிப்பூவைச் சொருகுவோம். மறுநா அதை எடுத்து வறட்டியா தட்டிக் காய வெப்போம். மாசம் பூரா சேத்து வெச்சு, காணும் பொங்கலன்னிக்கு கூடையில எடுத்துகினு பாலாத்துக்குப் போவோம். ஆந்திரா எல்லை நமக்கு எட்டற தூரம்தானே, அந்தப் பக்கம் சித்தூர்ச் சீமையில தெலுங்குப் பொண்ணுங்களும் சங்கராந்திக்கு இதே சாணி உருண்டையை நடுவுல வெச்சு சுத்திச் சுத்தி ஆடுங்க. நாங்க ஆத்து மணல்ல கட்டுச்சோத்தைப் பிரிச்சுத் தின்னுட்டுக் கும்மிக்கு நிப்போம். மணல் கணுக்கால் வரைக்கும் வாங்கும். விழுந்தாலும் அடிபடாது. அதனால எட்டு வயசும் விழும், அறுபது வயசும் விழும்.

கும்மின்னா சும்மா கை தட்டறதுன்னு நெனச்சிகினியா? உள்ளங்கையோட உள்ளங்கை முழுசா அறையறது ஒரு தட்டு. விரல் நுனி மட்டும் படறது ஒரு தட்டு. உள்ளங்கையைக் குழிச்சுத் தட்டினா வேற சத்தம். குனிஞ்சு காலுக்கிட்ட ஒண்ணு, நிமிந்து தோளுக்கிட்ட ஒண்ணு, பக்கத்துல இருக்கறவ கையில ஒண்ணு. பாட்டெடுக்கறவ ஒரு அடி சொன்னா மத்தவங்க வாங்கிச் சொல்லணும். சொல்லிகினே நகரணும். நடுவுல வெளக்கு இருக்கும், இல்ல மண்ணுல புடிச்ச புள்ளையார் இருப்பாரு. எல்லார் மொகமும் உள்ள பாத்து இருக்கும், முதுகுதான் வெளிய தெரியும். படம் புடிக்க வந்தவனுக்கு முதுகுதான் கெடைக்கும். அதுதாண்டா கும்மி. பாக்கறவனுக்காக ஆடறது இல்ல, ஆடறவளுக்காக ஆடறது.

அந்த வட்டத்துல நடந்த காரியம் கொஞ்சமா? எந்தப் பொண்ணுக்கு மூச்சு வாங்குது, எவ சீக்கிரம் சிடுசிடுக்கறா, எவ தப்பா அடி வெச்சாலும் சிரிச்சிகினே சமாளிக்கறான்னு சுத்தி நின்ன கெழவிங்க கணக்கு எடுத்துகினு இருப்பாங்க. உங்க கொள்ளுப்பாட்டி என்னைப் பாத்துப் புடிச்சுப் போனது அப்படித்தான். ஜாதகம் அப்பால வந்துச்சு. மருமவளுக்கும் மாமியாருக்கும் சண்டைன்னா பாட்டெடுக்கறவ அன்னிக்குன்னு ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வெப்பா. தட்டற தட்டு ஒருத்தி கையில ஒருத்திக்கு விழுந்தே ஆகணும். பழைய கோவத்துக்கும் சேத்து ஓங்கித் தட்டுவாங்க. கை செவந்துடும், மனசு ஆறிடும். நாத்தனாரைக் கேலி பண்ணணும்னா பாட்டுல வெச்சுச் சொல்லலாம். பாட்டுல சொன்னதுக்குக் கோச்சிக்கக் கூடாதுன்னு ஊர்க்கட்டு. இப்ப அதையெல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போடுறீங்க. அதுல கை செவக்கறதில்ல, கண்ணுதான் செவக்குது.

வயசுக்கு வந்த பொண்ணுக்கு மஞ்சத் தண்ணி ஊத்தினாலும் சுத்தி நின்னு கும்மி உண்டு. இப்ப அதுக்குப் பேனர் கட்டறீங்க. பன்னெண்டு வயசுப் பொண்ணு மயில் பக்கத்துல நிக்கற படம், கீழ ஊரு ஆம்பளைங்க அத்தினி பேர் மூஞ்சியும். யாருடா அன்னிக்கு வயசுக்கு வந்தது?

ஆம்பூர்ல பாய் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் போயிருக்கறேன். பொம்பளைங்க எல்லாம் தனியா உக்காந்து டோலக்கை மடியில வெச்சுத் தட்டிகினு உருதுல பாடுவாங்க. எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனா மாமியாரைத்தான் வாருறாங்கன்னு மட்டும் நல்லாப் புரிஞ்சுது. மாமியார் மூஞ்சியில தெரியுமே.

எங்களுக்கு மட்டும்தான் ஆட்டம், ஆம்பளைங்களுக்கு இல்லைன்னு நெனைக்காதே. குடியாத்தத்துல வருசா வருசம் வைகாசி ஒண்ணாந் தேதி கெங்கையம்மன் சிரசு திருவிழா. அம்மன் தலை ஊர்வலமா வரும்போது முன்னாடி சிலம்பம் சுத்துவாங்க, புலி வேஷம் கட்டுவாங்க. உங்கப்பன் அதுல சிலம்பம் சுத்தினவன்தான். இன்னிக்கு குனிஞ்சு செருப்பு மாட்ட முடியலைன்னு உன்னைக் கூப்புடறான். மாசி மாசம் சிவராத்திரி கழிஞ்ச அமாவாசைக்கு வேலூர்ப் பாலாத்தங்கரையில மயானக் கொள்ளை. காளி வேஷம் கட்டிகினு, பம்பைச் சத்தத்துக்குத் தெருத்தெருவா ஆடிகினு வருவாங்க. அது வேண்டுதல், அதைப் பத்தி நான் கேலி பேச மாட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன். சாமி வந்தா ஆடறோம், சாவு வந்தா ஆடறோம். சந்தோசம் வந்தா மட்டும் ஆள் வெச்சு ஆட வெக்கறோம்.

படிச்சவங்க வீட்டுக்கு இதெல்லாம் ஒத்து வராதுன்னு உங்கம்மா சொல்றா. அவளுக்கு ஒண்ணு சொல்லு. எனக்குப் படிப்பு வந்ததே கும்மியாலதான். தொண்ணூறுகள்ல அறிவொளி இயக்கம் வந்துச்சே, தெருவெளக்குல உக்காந்து ‘அ’ போட்டோமே, அதுக்கு ஆள் சேக்க மொதல்ல வந்தது சிலேட்டு இல்ல, பாட்டும் கும்மியும் நாடகமும். கைநாட்டு வெக்கறவகிட்ட வந்து படிக்க வாம்மான்னா வருவாளா? கும்மி கொட்ட வாக்கான்னா வந்துடுவா. வந்தவளை அப்படியே உக்கார வெச்சு எழுத்தைக் காட்டிட்டாங்க. ஏமாத்திட்டாங்க பாவிங்க. இன்னிக்கு நீ பத்திரிகையில மணமகன் பேரைத் தப்பா அச்சடிச்சதை நான்தானே கண்டுபுடிச்சேன்? பி.ஈ. படிச்ச நீ பாத்தியா?

அதுக்கும் முன்னாடி கும்மிதாண்டா ஊருக்கு நியூஸ் பேப்பர். தாது வருசப் பஞ்சம்னு 1876-ல ஆரம்பிச்சு ரெண்டு வருசம் சனங்க கொத்துக் கொத்தா செத்தாங்களே, அதைக் கும்மியா கட்டிப் பாடினாங்க. வெள்ளம் வந்தா கும்மி, ரயில் கவுந்தா கும்மி, கொலை நடந்தா கும்மி. அதையெல்லாம் மட்டக் காயிதத்துல அச்சடிச்சு சந்தையில காலணாவுக்கும் அரையணாவுக்கும் வித்தாங்க. பாரதியாரு பொம்பளைங்க விடுதலைக்குப் பாட்டு எழுதணும்னு உக்காந்தப்போ அதையும் கும்மியாத்தான் எழுதினாரு. பொம்பளைங்க கூடற எடம் எதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. உன் ஈவென்ட்டுக்காரனுக்குத் தெரியலை.

பழசை எல்லாம் பொன்னுன்னு சொல்ற கெழவி நான் இல்ல. அந்த வட்டத்துக்கு வேலியும் இருந்துச்சு. எங்க தெருப் பொண்ணுங்க வட்டம் தனி, அந்தத் தெருப் பொண்ணுங்க வட்டம் தனி. ஆத்து மணல்ல அவ்ளோ எடம் இருந்தும் ரெண்டு வட்டம் ஒண்ணா சேந்ததில்ல. பறை அடிக்க மட்டும் அந்தத் தெரு ஆளுங்க வேணும். சாவு வீட்டுக்கு வான்னு ஆள் அனுப்புவாங்க, வரலைன்னா மிரட்டுவாங்க. அம்பேத்கர் படத்தை வெச்சுகினு பசங்க ஒரு நாள், இனிமே எவன் சாவுக்கும் அடிக்க மாட்டோம்னு பறையைக் கீழ போட்டாங்க. அப்ப ஊரே குதிச்சுது. நல்ல காரியம்தான் பண்ணாங்க. கட்டாயத்துக்கு அடிக்கறது கலையா? அதே பறையை இன்னிக்குப் பொண்ணுங்க தோள்ல மாட்டி அடிக்குதுங்க. திண்டுக்கல் சக்தி கலைக்குழு பொண்ணுங்க தலை நிமிந்து அடிக்கறதைப் பாரு. மதுரை வேலு ஆசானுக்குப் பறைக்காகவே 2025-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. வேலியை எடுத்தா வட்டம் பெருசாவும். வட்டத்தையே எடுத்துட்டு வேலியை மட்டும் வெச்சிருக்கோம் நாம.

இதுல இன்னொரு கூத்து. தோலுக்குப் பேர் போன ஊரு இது. இங்க அடிக்கற பறையிலயும் பம்பையிலயும் இப்ப ஃபைபர் வந்துடுச்சு! நீங்க பதம் பண்ற தோல் மேளத்துக்கு ஆவாது, அது எனக்கும் தெரியும். எங்கப்பா தோல் ஷாப்புலதானே இருந்தாரு. அந்தக் காலத்துல சுண்ணாம்புக் குழியில ஊறப்போட்டு மயிர் எடுத்து, ஆவாரம்பட்டைத் தண்ணியில போட்டு, கடுக்காய் சேத்து பதம் பண்ணுவாங்க. அப்பால குரோம் வந்துச்சு. அப்படிப் பதம் பண்ணினா தோல் மெத்துனு ஆயிடும், ஷூவுக்கு நல்லது. பறைக்குப் பச்சைத்தோல்தான் வேணும், கன்னுக்குட்டித் தோலை இழுத்து ஒட்டிக் காய வெச்சு, அடிக்கறதுக்கு முன்னாடி வைக்கோல் நெருப்புல காட்டினாத்தான் கணீர்னு கேக்கும். மழைக்கு ஃபைபர் வசதி, யாரைக் குத்தம் சொல்றது? ஆனாலும் தோல் ஊருல தோல் சத்தம் கேக்க ஆசைப்படறது பேராசைன்னு ஆயிடுச்சு பாரு.

கும்மி ஏன் நின்னு போச்சுன்னு கேட்டா எல்லாரும் கம்பெனி பஸ்ஸைக் காட்டறீங்க. விடியறதுக்குள்ள பஸ் வந்துடுது, தைக்கற லைன்ல இருக்கறது பெரும்பாலும் பொம்பளைங்கதான், டார்கெட்டை முடிச்சுட்டு பொழுது சாஞ்சு வந்தா அடுப்பு காத்துகினு இருக்குது, எப்ப கும்மி கொட்டறதுன்னு. ஞாயம்தான். ஆனா நாங்க மட்டும் என்ன, நடவு நட்டுட்டு, களை எடுத்துட்டு, பீடி சுத்திட்டுத்தானே கொட்டினோம்? இடுப்பு ஒடிஞ்ச அன்னிக்குத்தான் கும்மி வேணும். இந்த வருசம் ராத்திரி சீரியல் எத்தினின்னு உன் அக்காவைக் கேளு. நேரம் இருக்குது. அதை வாங்கிக்க ஆளும் இருக்குது.

எடம் போனது நெஜம். களத்துமேடு பிளாட்டு ஆச்சு. பாலாத்து மணல் லாரியில போச்சு. மிச்சம் இருந்த ஆத்துல தோல் ஷாப்புத் தண்ணி போச்சு. 1996-ல சுப்ரீம் கோர்ட்டு பாலாத்துக்காகத் தீர்ப்பு சொல்லிச்சு. 2025 ஜனவரியில திரும்பவும் ஒரு தீர்ப்பு சொல்லிச்சு. கோர்ட்டே ஒரு ஆத்தைப் பத்தி ரெண்டு தரம் பேச வேண்டியிருக்குதுன்னா, கேக்க வேண்டியவன் காதுல எத்தினி பஞ்சு வெச்சிருக்கான்னு பாத்துக்கோ. 2021-ல வெள்ளம் ரெண்டு கரையும் தொட்டுகினு போச்சே, அன்னிக்கு பாலத்து மேல நின்னு ஆத்தைப் பாத்த கூட்டத்தைப் பாத்தப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது, சனங்களுக்கு இன்னும் ஆத்துமேல ஆசை விட்டுப் போவலைன்னு.

ஆனா மெயினான காரணம் இதெல்லாம் இல்லடா கண்ணு, வெக்கம். படிச்ச பொண்ணு தெருவுல ஆடுவாளான்னு ஒரு வெக்கம். அதே பொண்ணு அதே தெருவுல நின்னு சினிமாப் பாட்டுக்கு ரீல்ஸ் போட்டா வெக்கம் இல்ல, லைக் வருது. சொந்த ஆயாவுக்கு ஆடிக் காட்டாதே, உலகத்துக்கு ஆடிக் காட்டு!

உன் தங்கச்சி போன்ல படிச்சுச் சொன்னா, அயர்லாந்துன்னு ஒரு தேசமாம். நம்ம களத்துமேட்டு ஆட்டம் இருந்தாப்புல அங்கயும் குடியானவங்க சமையக்கட்டுலயும் நாலு ரோடு கூடற எடத்துலயும் ராத்திரி ராத்திரி ஆடுவாங்களாம். 1935-ல கவுருமெண்டு சட்டம் போட்டுச்சாம், லைசன்ஸ் வாங்கின எடத்துலதான் பொது ஆட்டம்னு. பாதிரியாருங்களும் போலீசும் சேந்து வீட்டு ஆட்டத்தையும் அடக்கிட்டாங்களாம். பாவம், அவங்க ஆட்டத்தை நிறுத்த ஒரு சட்டம் தேவைப்பட்டுச்சு. நமக்கு ஒரு சவுண்டு சர்வீஸ்காரன் போதும்.

நிறுத்தாதவங்களும் இருக்கறாங்களே. நீலகிரியில படுகர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிப் பாரு. தாத்தாவும் பேரனும் ஒரே வட்டத்துல அடி வெப்பாங்க. ஐ.டி. கம்பெனியில இருந்து லீவு போட்டு வந்த பையன் வேட்டி, தலைப்பாகை கட்டிகினு மொத வேலையா வட்டத்துல போயி நிப்பான். அவனுக்கு எந்த மாஸ்டர் கத்துக் குடுத்தாரு? நடக்கப் பழகினப்பவே கத்துகினான். குஜராத்துல நவராத்திரி ஒம்பது ராத்திரியும் கர்பா. வியாபாரி, வாத்தியாரு, கெழவி, கொழந்தை எல்லாம் சுத்திச் சுத்தி ஆடுறாங்க. 2023-ல அதை யுனெஸ்கோகாரங்க உலகப் பட்டியல்ல சேத்தாங்க. நமக்கும் அதே நவராத்திரிதான். நாம கொலு பாத்துட்டு, சுண்டலை வாங்கிகினு, அவங்க வீட்டுக் கொலு நம்மளைவிட ரெண்டு படி கம்மின்னு பேசிகினு வந்துடறோம்.

ரொம்ப தூரம் ஏன், கோயமுத்தூர்ப் பக்கம் பாரு. வள்ளி ஒயில் கும்மி. வள்ளி முருகன் கதையைப் பாடிகினே ஆடுறது. முன்ன ஆம்பளைங்க மட்டும்தான் ஆடுவாங்களாம். பத்ரப்பன்னு ஒரு பெரியவரு, பொம்பளைங்களுக்கும் சொல்லிக் குடுத்தாரு. 2024-ல அவருக்குப் பத்மஸ்ரீ. அப்ப அவருக்கு வயசு 87. எனக்கும் அவருக்கும் அதிக வித்தியாசம் இல்ல, நானும் நம்பிக்கையை விடலை. இப்ப அங்க அம்மா, பொண்ணு, பேத்தின்னு ஒரே நேரத்துல நூத்துக்கணக்குல எறங்குறாங்க. ஒரே கலரு பொடவையைக் கட்டிகினு, மைக் வெச்சு, ஆளு எண்ணி ஆடறதுல எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனா எரிச்சல்படவாவது அங்க ஒண்ணு இருக்குதே!

நம்ம பக்கமும் சும்மா இல்ல. செய்யாறுக்குப் பக்கத்துல புரிசை. தெருக்கூத்தைத் தலைமுறை தலைமுறையா ஒரே குடும்பம் காப்பாத்துது. கண்ணப்பத் தம்பிரான் பேரு கேட்டிருப்பே. அவரு புள்ளை கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025-ல பத்மஸ்ரீ வந்துச்சு. கூத்து ஆட பத்து பேரு போதும், மிச்ச ஊரு உக்காந்து பாக்கும். கும்மிக்கு ஊரே வேணும். அதனாலதான் கூத்து தப்பிச்சுது, கும்மி மாட்டிகிச்சு. நல்லா ஆடற ஒரு குடும்பத்துக்கு விருது குடுக்கலாம். சுமாரா ஆடற ஊருக்கு யாரு விருது குடுப்பா? சுமாரா ஆடினாலும் பரவாயில்ல, ஒண்ணா ஆடணும்கறதுதானே கும்மி?

அறிவொளி வகுப்புக்கு வந்த தமிழ் வாத்தியாரு ஒரு கதை சொன்னாரு, மறக்கவே முடியலை. சிலப்பதிகாரத்துல மதுரைக்கு வெளிய ஆயர் சேரி. அங்க மாதரின்னு ஒரு பெரியம்மா, கண்ணகிக்கு எடம் குடுத்தவ. ஒரு நாள் காத்தால பால் ஒறையலை, வெண்ணெய் உருகலை, மாட்டுக் கழுத்து மணி அறுந்து விழுந்துச்சு. கெட்டது வருதுன்னு தெரிஞ்சு போச்சு. மாதரி இன்னா பண்ணா தெரியுமா? கதவைச் சாத்திகினு அழலை. ஏழு பொண்ணுங்களை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளைன்னு ஏழு சுரத்தோட பேரையும் வெச்சு, கைகோத்து குரவை ஆடுங்கன்னுட்டா. மனசு கலங்கின நேரத்துல ஆட்டம். கெட்டது நடந்துச்சு, அதை அது தடுக்கலை. ஆனா அன்னிக்கு அந்தச் சேரியில ஒருத்தியும் தனியா நடுங்கலை. இங்க கடன்காரன் வந்து நின்னா, கம்பெனியில ஆள் கொறைச்சா, ஆளுக்கொரு ரூம்புல ஆளுக்கொரு போனைப் பாத்துகினு நடுங்கறோம்.

சரி, பேசிகினே இருந்தா பந்தி ஆறிடும். ஆயா சொல்ற புத்தி இதுதான், கணக்கா கேட்டுக்கோ.

டான்ஸ் மாஸ்டரை நிறுத்தச் சொல்லலை, அட்வான்ஸ் குடுத்திருப்பே. நீ மேடையில ஆடு, அவரு சொன்னபடியே இடுப்பை ஒடி. எனக்கு அரை மணி நேரம் மட்டும் குடு. சவுண்டு சர்வீஸ்காரன் டீ குடிக்கப் போகட்டும். மண்டபத்து நடுவுல நாற்காலியை ஒதுக்கு. ஒரு குத்துவெளக்கு வை. உன் பெரிய அத்தைக்குத் தொண்டை இன்னும் போவலை, பாட்டெடுக்கச் சொல்லு. முட்டி வலின்னு சொல்லுவா, ரெண்டு தரம் கெஞ்சினா வலி போயிடும்.

கீழத்தெரு பம்பைக்காரரை மரியாதையா வீட்டுக்குப் போயி, வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்புடு. செண்டை மேளத்துக்குக் குடுக்கற காசுல பாதியாவது குடு. மொதப் பந்தியில உக்கார வெச்சுச் சாப்பாடு போடு. உன் லைன்ல தைக்கற பொண்ணுங்க வருவாங்களே, எந்தத் தெரு, எந்த வீடுன்னு கேக்காம எல்லாரையும் வட்டத்துல சேத்துக்கோ. நாங்க பண்ணாததை நீயாவது பண்ணு. உங்க அம்மாவையும் உன் பொண்டாட்டியையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வை. ஏன்னு கேக்காதே, ஆறு மாசம் கழிச்சுத் தெரியும்.

ஆம்பளைங்களும் நிக்கட்டும். அடி தப்பினா தப்பட்டும். கும்மியில தப்பு பண்றவனுக்குத் தண்டனை இல்ல, சிரிப்புதான். போன் எல்லாத்தையும் ஒரு கூடையில வாங்கி சமையக்காரர்கிட்ட குடுத்து வை. படம் இல்லைன்னா நடக்கலைன்னு அர்த்தம்னு நெனைக்கற பசங்க நீங்க. எங்க கும்மிக்கு ஒரு படம் கூட இல்ல. ஆனா எனக்கு ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு அடியும் தெரியும். உன் நிச்சயதார்த்த வீடியோவை எத்தினி தரம் பாத்தே, சொல்லு?

திண்ணையில நின்னு ஒட்டுக் கேக்கற மத்தவங்களுக்கும் சேத்துச் சொல்றேன். உங்க வீட்டுலயும் ஒரு ஆயா இருப்பா, ஒரு அத்தை இருப்பா. அவளுக்குத் தெரிஞ்ச கும்மிப் பாட்டு அவளோட போயிடும். அவ சாவுக்குத் தாரை தப்பட்டை ஏற்பாடு பண்றதுக்கு முன்னாடி, வர்ற காணும் பொங்கலுக்கு ஒரு பாட்டாவது கேட்டு வாங்கிக்குங்க. மாடியோ, தெருவோ, ஆத்துல மிச்சம் இருக்கற மணலோ, எங்கயாவது வட்டமா நில்லுங்க. இதுக்குக் காசும் வேணாம், மாஸ்டரும் வேணாம். பொறந்தப்பவே ரெண்டு கை குடுத்துத்தான் அனுப்பியிருக்குது. ஆயா உயிரோட இருக்கறப்ப ஆடாத பேரன், அவ செத்தப்புறம் எவ்ளோ நல்லா ஆடினாலும் அது சத்தமே தவிர ஆட்டம் இல்ல.